ராபர்ட் மோரிஸ் தன் சொத்தைக் கொடுத்தா நொடித்தார்? வங்கி, பென்சில்வேனியா சட்டமன்றம், கடன் சிறை

2 பிப்ரவரி, கேள்வி

அமெரிக்கப் புரட்சிக்குத் தன் சொத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்து, அந்தக் கடனாலேயே ஜெயிலுக்குப் போனவர் ராபர்ட் மோரிஸ்னு ஒரு பதிவு சுத்திட்டிருக்கு. பென்சில்வேனியா சட்டமன்றத்துலயும் இருந்தாராம், அங்க என்ன பண்ணினார்னு ஒரு வரி கூட இல்ல. தெரிஞ்சவங்க விளக்குங்க.

2 பிப்ரவரி, இரவு

அந்தப் பதிவு இரண்டு வேறு கதைகளை ஒன்றாக ஒட்டியிருக்கிறது. மோரிஸ் நாட்டின் நிதிப் பொறுப்பை விட்டு இறங்கியது 1784 நவம்பர் 1. கடனுக்காகச் சிறைக்குப் போனது 1798 பிப்ரவரி. நடுவே 13 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் சட்டமன்றத்தில் இருந்தார், பிரான்சுக்குப் புகையிலை விற்றார், சீனாவுக்குக் கப்பல் அனுப்பினார், செனட்டரானார், லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் வாங்கினார். அவரை மூழ்கடித்தது அந்த நிலம்தான். போர்க் கடன் இல்லை.

பிறப்பு 1734, லிவர்பூல். சிறுவயதில் மேரிலாந்தில் புகையிலை ஏஜெண்டாக இருந்த அப்பாவிடம் வந்தார். 1750-இல் ஒரு கப்பலில் மரியாதைக்கு வெடித்த பீரங்கியின் அடைப்பு பட்ட காயத்தில் அப்பா இறந்துபோனார். பையன் ஃபிலடெல்ஃபியாவில் வில்லிங் குடும்பத்தின் வியாபாரக் கணக்கறையில் வேலை பழகி, 1757-இல் அந்த வீட்டு மகன் தாமஸ் வில்லிங்கோடு கூட்டாளியானார். இந்த வில்லிங் பின்னால் மறுபடி வருவார்.

3 பிப்ரவரி

"அப்போ சொந்தப் பணம் போடவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். போட்டார். ஆனால் பணத்தைவிட அதிகமாகப் போட்டது கையெழுத்து. அது வேலை செய்த விதம் தெரியாவிட்டால் பிற்பாடு நடந்ததும் புரியாது.

காங்கிரஸ், அதாவது 13 மாநிலங்களுக்கும் பொதுவான அவை, அச்சடித்த காகித டாலரை 1780 மார்ச்சில் 40-க்கு 1 என்று காங்கிரஸே மதிப்பிறக்கியது. அடுத்த ஆண்டு அதை யாரும் சீந்தவில்லை. வரி போடும் அதிகாரம் காங்கிரசுக்குக் கிடையாது, மாநிலங்களிடம் கேட்கத்தான் முடியும். 1782-க்கு 80 லட்சம் டாலர் கேட்டார்கள். அந்த ஆண்டில் வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இறக்குமதிக்கு 5 விழுக்காடு தீர்வை போடலாம் என்றால் 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது.

அந்த நிலையில்தான், 1781-இல் நிதிப் பொறுப்பேற்ற மோரிஸ் தன் பெயரில் நோட்டு விட்டார். 20, 50, 80 டாலர் நோட்டுகள். காசாளர் ஜான் ஸ்வான்விக் பேருக்கு எழுதப்பட்டவை: கொண்டுவருபவருக்கு இவ்வளவு கொடு, ஒப்பம் ராபர்ட் மோரிஸ். சிலது காட்டியதும் பணம், சிலது சில மாதத் தவணை. ராபர்ட்டைச் செல்லமாக பாப் என்பார்கள் இல்லையா, அதனால் ஊரார் தவணை நீண்டதை 'நீள பாப்' என்றும் குறுகியதை 'குட்டை பாப்' என்றும் கூப்பிட்டார்கள். அரசாங்கத்தின் காகிதத்தை வாங்க மறுத்த மாவு வியாபாரி, இந்த ஆளின் காகிதத்தை வாங்கிக்கொண்டான்.

இந்த நோட்டுக்குப் பின்னால் இருந்ததில் பெரும்பகுதி பிரெஞ்சுக் கடனும், வரப்போகும் வரியும்தான். சொத்து கொஞ்சம், நம்பிக்கை நிறைய.

3 பிப்ரவரி, சற்றுப் பின்

இரண்டு சின்ன விளக்கம். அவருக்கு உதவியாளராக இருந்த குவர்னர் மோரிஸ் உறவினர் அல்ல, பெயர் ஒற்றுமை மட்டுமே. ஹேய்ம் சாலமன் 'கோடிக்கணக்கில் கடன் கொடுத்தார்' என்பதும் குழப்பம். அவர் தரகர். பிரான்ஸ் மீது எழுதிய உண்டியல்களை (அங்கே பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகளை) ஃபிலடெல்ஃபியா சந்தையில் விலை விழாமல் விற்றுக் கொடுத்தார், கமிஷன் வாங்கினார். அவர் கை வழியாகப் போன தொகை பெரிது. அத்தனையும் அவர் கொடுத்த கடன் அல்ல. பணமுடையில் இருந்த காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கைமாற்று கொடுத்தார் என்பது உண்மை. அதற்கே அவரைக் கொண்டாடலாம்.

5 பிப்ரவரி

பிரிட்டிஷ் படை சரணடைந்த யார்க்டவுன் போரைப் பற்றிக் கேட்டவருக்கு: 1781 ஆகஸ்டு கடைசியில் வாஷிங்டன் நியூயார்க் பக்கமிருந்து படையை வர்ஜீனியாவுக்குத் திருப்பினார். சம்பளத்தை வெள்ளியில் பார்த்து வெகுகாலமான வடக்கத்திப் படைவீரர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதச் சம்பளமாவது கெட்டிப் பணமாக வேண்டும் என்று வாஷிங்டன் எழுதினார். மோரிஸ் கையில் அவ்வளவு இல்லை. பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவின் படைப் பெட்டியிலிருந்து 20,000 டாலர் கைமாற்று வாங்கினார். திருப்பிக் கொடுக்கப் பணம் எங்கே? ஜான் லாரன்ஸ் பிரான்சிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ஆகஸ்டில் பாஸ்டனில் இறங்கியிருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பயந்து அதைக் கடல் வழியாக அனுப்பவில்லை. பெட்டிகளில் அடைத்து மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு வழியாக ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்து சேர நவம்பர் ஆகிவிட்டது. அதற்குள் யார்க்டவுன் முடிந்துவிட்டது.

அந்த வெள்ளிதான் அடுத்ததாக வங்கியின் முதலானது.

6 பிப்ரவரி

வங்கிக் கணக்கு. பேங்க் ஆஃப் நார்த் அமெரிக்கா, 1782 ஜனவரி 7-இல் ஃபிலடெல்ஃபியா செஸ்ட்நட் தெருவில் திறந்தது. திட்டப்படி முதல் 4 லட்சம் டாலர்: 400 டாலர் வீதம் 1,000 பங்கு. தனியார் போட்டது சுமார் 70,000 தான். மாட்டு வண்டியில் வந்த வெள்ளியிலிருந்து ஏறக்குறைய இரண்டரை லட்சத்துக்கு அரசாங்கத்தின் பேரில் பங்கு வாங்கினார் மோரிஸ். வங்கி திறந்ததும் அதே அரசாங்கம் அங்கேயே கடன் வாங்கியது. தலைவர் யார்? தாமஸ் வில்லிங், பழைய கூட்டாளி.

கடன் கொடுக்கும் முறையைக் கவனியுங்கள், சட்டமன்றச் சண்டை இதில்தான் மூளப் போகிறது. வியாபாரி ஒருவர் நோட்டு எழுதிக்கொண்டு வருவார். அதில் இரண்டு நல்ல பெயர் இருக்க வேண்டும், எழுதியவரும், அவர் கட்டாவிட்டால் நான் பொறுப்பு என்று மேலொப்பம் போட்டவரும். தவணை 30 நாள், பின்பு 45 நாள். வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். சரக்கு இறங்கி விற்றுக் காசாக்கும் துறைமுக வியாபாரிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. விதைத்து, அறுத்து, போரடித்து, மாவாக்கி, சந்தைக்குப் போய்ச் சேரும் உள்நாட்டு விவசாயிக்கு 45 நாளில் என்ன கிடைக்கும்? அவனுக்கு வேண்டியது நிலத்தை அடமானம் வைத்துப் பல வருடத் தவணையில் வாங்கும் கடன். பிரிட்டிஷ் காலத்தில் பென்சில்வேனியா அரசின் நிலக் கடன் அலுவலகம் அதைத்தான் கொடுத்துவந்தது.

இரண்டாம் ஆண்டு வங்கி பங்குதாரர்களுக்குக் கொடுத்த ஈவு (லாபப் பங்கு) 14½ விழுக்காடு. நாட்டுப்புறத்தில் கைக்குக் காசு கிடைக்காத காலம் அது. மக்கள் கடுப்பானதில் ஆச்சரியமே இல்லை.

9 பிப்ரவரி (கொஞ்சம் நீளம்)

இனி சட்டமன்றம். முதல் கேள்வியின் பாதி இதுதான்.

1776-இன் பென்சில்வேனியா அரசியலமைப்பு அந்தக் காலத்தில் மிகத் துணிச்சலானது. ஒரே அவை. கவர்னர் கிடையாது, நிர்வாகத்துக்கு ஒரு கவுன்சில். ஆண்டுதோறும் அக்டோபரில் தேர்தல். ஏழு ஆண்டில் நான்குக்கு மேல் ஒருவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. அவைக் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். பொதுச் சட்டம் எதுவும், அவசரம் தவிர, முன்வரைவாக அச்சாகி மக்கள் பார்வைக்குப் போய், அடுத்த கூட்டத்தொடரில்தான் நிறைவேறலாம். மோரிஸுக்கு இந்த அமைப்பு பிடிக்காது; கடிவாளம் போட இரண்டாவது அவை வேண்டும் என்பவர்களின் அணியில் இருந்தார். ஆனாலும் 1776 முதல் 1781 வரை விட்டுவிட்டு அதே அவையில் உட்கார்ந்தார், பிறகு 1785-87இல் மறுபடி வந்தார்.

1781-இல் செய்தது பலருக்குத் தெரியாது. காங்கிரஸ் அவரை நிதிக் கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது பிப்ரவரி 20. பதவிப் பிரமாணம் எடுத்தது ஜூன் 27. நடுவில் ஏன் இழுத்தார்? இரண்டு நிபந்தனை வைத்தார்: தன் சொந்த வியாபாரம் தொடரும், பொதுச் சொத்தைக் கையாளும் எந்த அதிகாரியையும் தான் நீக்கலாம். இதோடு சட்டமன்ற இடத்தையும் உடனே விடவில்லை. மதிப்பிழந்த காகிதத்தைக் கடனுக்குச் செல்லும் பணமாக ஏற்றே ஆக வேண்டும் என்ற மாநிலச் சட்டத்தை முதலில் ரத்து செய்ய வேண்டியிருந்தது. அந்த ரத்து ஜூனில் நடந்தது. அந்தச் சட்டம் நின்றிருந்தால் அவர் நோட்டும் வங்கியும் எழுந்திருக்கவே முடியாது. எனவே அவருடைய நிதி நிர்வாகத்துக்கு அஸ்திவாரம் போட்டது காங்கிரஸ் கட்டிடத்தில் இல்லை, மாநில அவையில்.

அடுத்தது வங்கிச் சண்டை. வங்கி நடத்த காங்கிரஸ் கொடுத்த சாசனம் (உரிமைப் பத்திரம்) சட்டப்படி செல்லுமா என்ற சந்தேகத்தில், 1782 ஏப்ரல் 1-இல் பென்சில்வேனியாவும் ஒரு சாசனம் கொடுத்தது. காலவரம்பு இல்லை. சொத்து உச்சவரம்பு 1 கோடி டாலர். 1785 மார்ச்சில் அவை 1,50,000 பவுண்டுக்குக் காகிதப் பணம் விட்டது, அதில் மூன்றில் ஒரு பங்கு நிலக் கடனுக்கு. வங்கிக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். பதிலுக்கு, வங்கிச் சாசனத்தையே ரத்து செய்யும் மசோதா வந்தது. விதிப்படி ஏப்ரலில் அச்சிட்டு மக்கள் பார்வைக்கு விட்டு, செப்டம்பர் 13-இல் நிறைவேற்றினார்கள். வங்கி மூடவில்லை, காங்கிரஸ் சாசனத்தை வைத்துக்கொண்டு ஓட்டியது, டெலவேரிடம் இன்னொரு சாசனமும் வாங்கியது. ஆனால் வைப்புகள் குறைந்தன, பங்கு விலை சரிந்தது.

அடுத்த மாதமே தேர்தல். மோரிஸ் நகரத் தொகுதியிலிருந்து உள்ளே வந்தார், கூடவே தாமஸ் ஃபிட்ஸிம்மன்ஸ், ஜார்ஜ் கிளைமர். எதிரே மேற்கு, நடுப் பகுதி விவசாய உறுப்பினர்கள்: வில்லியம் ஃபிண்ட்லி, ஜான் ஸ்மைலி, ராபர்ட் வைட்ஹில். சாசனத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று 1786 மார்ச் கடைசியில் நாள்கணக்கில் நடந்த விவாதத்தைச் சுருக்கெழுத்தில் குறித்து மேத்யூ கேரி அச்சிட்டார். ஒரு மாநில அவையின் விவாதம் இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அந்தக் காலத்துக்கு அரிது.

மோரிஸ் தரப்பு: சாசனம் என்பது சொத்து. குற்றம் நிரூபிக்காமல், விசாரிக்காமல் அதைப் பறித்தால் நாளைக்கு எவன் நிலப் பட்டாவுக்கும் உத்தரவாதம் இல்லை. ஃபிண்ட்லி தரப்பு: காலவரம்பில்லாமல், சில பேர் கையில் இவ்வளவு பணத்தைச் சேர்க்க விட்டால் ஒருநாள் இந்த அவையே அவர்கள் சொல்படி ஆடும். கொடுத்த அவைக்கு எடுக்கவும் உரிமை உண்டு.

மோரிஸ் தோற்றார். 1786 அக்டோபர் தேர்தலில் அவர் அணி கூடுதல் இடம் பிடித்த பிறகு, 1787 மார்ச் 17-இல் புதுச் சாசனம் கிடைத்தது. ஆனால் 14 ஆண்டுக்கு மட்டும், முதல் 20 லட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது. ஃபிண்ட்லி கேட்டது இப்படிப் பாதி நிறைவேறியது. என் பார்வையில் அந்த அவை செய்த நல்ல காரியம் இதுதான்: வங்கியும் பிழைத்தது, அதன் கைகளும் கட்டப்பட்டன.

10 பிப்ரவரி

"பங்குதாரரே அவையில் எழுந்து தன் வங்கிக்கு வாதாடினாரா, யாரும் கேட்கவில்லையா?"

கேட்டார்கள், நேருக்கு நேர். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காருகிறார்கள் என்பதுதான் ஃபிண்ட்லி அணியின் கூர்மையான குற்றச்சாட்டு. ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. மோரிஸும் தன் பங்குகளை மறைக்கவில்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிதிப் பொறுப்பில் இருந்தபோதும் சொந்த வியாபாரத்தை விடாத மனிதர் அவர். போர்க்காலத்தில் காங்கிரசின் ரகசியக் கொள்முதல் குழுவுக்காக வாங்கிய கணக்கு 1795 வரை இழுத்து, கடைசியில் அவர்தான் அரசுக்குச் சுமார் 93,000 டாலர் பாக்கி என்று முடிந்தது. திருடினார் என்று இதற்குப் பொருள் இல்லை. பொதுக் கணக்கும் சொந்தக் கணக்கும் ஒரே பேரேட்டில் ஓடியதால் வந்த வினை.

10 பிப்ரவரி, இரவு

புரட்சிக்கால எழுத்தாளர் தாமஸ் பெயினைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார். 1779-இல் விலைவாசி ஏறியபோது, பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் சரக்கை மோரிஸ் பதுக்கினார் என்று விசாரித்த ஊர்க் குழுவில் பெயின் இருந்தார். அந்த அக்டோபரில் வழக்கறிஞர் ஜேம்ஸ் வில்சன் வீட்டை ஆயுதமேந்திய மிலிஷியா (குடிமக்கள் படை) தாக்கியபோது உள்ளே இருந்தவர்களில் மோரிஸும் ஒருவர், உயிர்ச் சேதமே ஆனது. ஆனால் 1782-இல் மோரிஸ் பெயினை ஆண்டுக்கு 800 டாலருக்கு அரசுத் தரப்பில் எழுத அமர்த்தினார். 1786 வங்கிச் சண்டையில் பெயின் வங்கி பக்கம் நின்றார். கூலிக்கு மாரடித்தார் என்று பழைய நண்பர்கள் திட்டினார்கள். ஆனால் காகிதப் பணத்தின்மேல் அவருக்கிருந்த வெறுப்பு உண்மையானது, அவர் எழுத்தைப் படித்தால் தெரியும்.

11 பிப்ரவரி

கிளைக்கதை, ஆனால் அதே அவை, அதே ஆட்கள். அவை நடக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வேண்டும், அதாவது 46 பேர். 1787 செப்டம்பர் 28-இல், புதிய தேசிய அரசியலமைப்பை ஏற்க மாநில மாநாடு கூட்டலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். எதிரணியினர் மத்தியானம் திரும்பி வரவே இல்லை. இருந்தது 44. மறுநாள் ஒரு கூட்டம் ஜேக்கப் மைலி, ஜேம்ஸ் மெக்கால்மண்ட் இருவரையும் தங்கியிருந்த இடத்திலிருந்து தரதரவென்று இழுத்துவந்து ஆசனத்தில் உட்கார வைத்தது. வராததற்கு அபராதம் எவ்வளவோ கட்டிவிடுகிறேன், விடுங்கள் என்று மெக்கால்மண்ட் கெஞ்சினார். விடவில்லை. 46 சேர்ந்தது, தீர்மானம் போனது. இன்று படிக்கச் சிரிப்பு வரலாம். அவர் கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

14 பிப்ரவரி

நிலம். எப்படி விழுந்தார் என்பதற்கு விடை.

முதலில் ஜெயித்தார். 1790-இல் மேற்கு நியூயார்க்கில் ஜெனசி பகுதியில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கி, அடுத்த ஆண்டே லண்டன் முதலீட்டாளர்களுக்கு லாபத்தில் விற்றார். 1792-93இல் ஹாலந்து வங்கிக்காரர்களுக்கு 33 லட்சம் ஏக்கர் தள்ளினார். அதோடு நிறுத்தியிருந்தால் அமெரிக்காவின் பெரும் பணக்காரராகவே போயிருப்பார்.

1793-இல் ஜேம்ஸ் கிரீன்லீஃப், ஜான் நிக்கல்சன் இருவரோடு சேர்ந்தார். புதுத் தலைநகரான வாஷிங்டனில் 6,000 மனை, ஒன்று 80 டாலர், ஏழு ஆண்டுத் தவணை, வட்டியில்லை, ஆனால் ஆண்டுக்கு 20 செங்கல் வீடு கட்டித்தர வேண்டும். கிரீன்லீஃப் ஆம்ஸ்டர்டாமில் கடன் திரட்டுவதாக ஏற்பாடு. 1795-இல் பிரெஞ்சுப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது, அந்தக் கடன் ஊற்று வற்றியது. அதே ஆண்டு மூவரும் ஆறு மாநிலங்களில் 60 லட்சம் ஏக்கரைச் சேர்த்து நார்த் அமெரிக்கன் லேண்ட் கம்பெனி தொடங்கினார்கள், 100 டாலர் வீதம் 30,000 பங்கு, 6 விழுக்காடு ஈவு உறுதி. காட்டு நிலம் வருமானம் தராது, வரி மட்டும் கேட்கும். ஈவை எதிலிருந்து கொடுப்பது?

இங்கேதான் 6-ஆம் தேதி எழுதிய இரண்டு பெயர் விதி திரும்ப வருகிறது. மோரிஸ் நோட்டு எழுதினால் நிக்கல்சன் மேலொப்பம். நிக்கல்சன் எழுதினால் மோரிஸ் மேலொப்பம். பின்னால் சரக்கும் இல்லை, கப்பலும் இல்லை. இரண்டு பெயர் இருந்தும் உண்மையில் ஒரே சுமை, ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார். இப்படி வெளியே போனது சுமார் 1 கோடி டாலர் என்பார்கள். பழைய நோட்டை அடைக்கப் புது நோட்டு, அதைத் தள்ளுபடியில் வாங்கும் தரகர்கள். டாலருக்கு 15 சென்ட் வரை இறங்கியது, பிறகு அதற்கும் கீழே. 1781-இல் அவர் கையெழுத்துக்குப் பின்னால் பிரெஞ்சு வெள்ளியும் பயிர் விளையும் நாடும் இருந்தன. 1796-இல் அதே கையெழுத்துக்குப் பின்னால் அதே மாதிரி இன்னொரு கையெழுத்து மட்டும்.

செஸ்ட்நட் தெருவில் அவருக்காக லான்ஃபான் வடிவமைத்த பளிங்கு பதித்த மாளிகையும் முடிவடையாமல் நின்றுபோனது.

15 பிப்ரவரி

அந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்டவருக்கு நன்றி. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மேற்கு நியூயார்க் நிலத்தில் மாசச்சூசெட்ஸ் மாநிலம் விற்றது, அங்கு வாழ்ந்த செனகா மக்களிடமிருந்து முதலில் வாங்கும் உரிமையை மட்டும்தான். ஹாலந்துக்காரர்களுக்குச் சுத்தமான பாத்தியம் கொடுக்க வேண்டிய கடமை மோரிஸுடையது. 1797 செப்டம்பரில் செனகா மக்களோடு பிக் ட்ரீ உடன்படிக்கை நடந்தது. கடன்காரர்களுக்குப் பயந்து அவர் போக முடியவில்லை, மகன் தாமஸ் போனார். ஒரு லட்சம் டாலருக்கு மேற்கு நியூயார்க்கின் பெரும்பகுதி கைமாறியது. அந்தத் தொகையும் வங்கிப் பங்காகவே (இது வேறு வங்கி, பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்) முதலீடு செய்யப்பட்டது, செனகா மக்களுக்குக் கிடைத்தது ஆண்டு ஈவு.

இன்னொன்று: வில்லிங்-மோரிஸ் நிறுவனம் 1760-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கி விற்றது. சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவரின் கணக்கேட்டில் அந்த வரவும் இருக்கிறது.

17 பிப்ரவரி

சிறையைப் பற்றி. கடன்காரன் நீதிமன்ற ஆணை வாங்கலாம், ஆனால் ஷெரீஃப் வீட்டுக் கதவை உடைத்து நுழையக் கூடாது. அதனால்தான் மோரிஸ் 1797-இன் பிற்பகுதியில் ஸ்கூல்கில் ஆற்றங்கரைத் தோட்ட வீட்டில் கதவடைத்து இருந்தார். 1798 பிப்ரவரியில் பிடிபட்டார். ப்ரூன் தெரு கடன் சிறையில் அறைக்கு வாடகையைக் கைதியே கொடுக்க வேண்டும். அந்த நவம்பரில் வாஷிங்டன் அங்கேயே வந்து அவரோடு விருந்துண்டார். நிக்கல்சன் 1800-இல் சிறையிலேயே இறந்தார்.

வெளியே விட்டது 1800-இன் திவால் சட்டம். வியாபாரிகள், வங்கிக்காரர், தரகர் போன்றவர்களுக்கு மட்டும். கடனாளி தானாக மனுப் போட முடியாது, கடன்காரர்தான் போட வேண்டும். விடுதலைக்கு எண்ணிக்கையிலும் தொகையிலும் மூன்றில் இரண்டு பங்கு கடன்காரர் சம்மதிக்க வேண்டும். 1801 ஆகஸ்டில் வெளியே வந்தார், அங்கீகரிக்கப்பட்ட கடன் ஏறக்குறைய 30 லட்சம் டாலர். அந்தச் சட்டமே 1803-இல் நீக்கப்பட்டது.

18 பிப்ரவரி

கடைசியாகக் கேட்டது குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்று. குவர்னர் மோரிஸ் வழி கண்டுபிடித்தார். விற்ற நிலத்தில் மனைவி மேரிக்குச் சட்டப்படி ஒரு உரிமைப் பங்கு இருந்தது, அதை அவர் விட்டுக்கொடுக்காதவரை ஹாலந்துக் கம்பெனியின் பத்திரத்தில் ஓட்டை இருக்கும். அதை விட்டுக்கொடுக்க விலையாக ஆண்டுக்கு 1,500 டாலர் அவர் ஆயுள் முழுக்க என்று பேசி முடித்தார். 1806 மே 8-இல் மோரிஸ் இறக்கும்வரை இருவரும் அதில்தான் வாழ்ந்தார்கள்.